கண்டடைந்த பின்பும் தேடுங்கள்!

வேதபாகம்: 2 நாளாகமம் 14, 15, 16 அதிகாரங்கள், பிலிப்பியர் 3:12-14

 

இந்த மாதம் ஆவியானவர் என் உள்ளத்தில் வைத்த வார்த்தை ஒரே ஒரு வார்த்தைதான். தேடுதல்! இரட்சிக்கப்படாதவர்கள் தேவனைத் தேட வேண்டும் என்று நாம் எல்லாரும் சொல்லுகிறோம். கைப்பிரதி கொடுக்கிறோம், தெருக்கூட்டம் போடுகிறோம். ஆனால் ஞானஸ்நானம் எடுத்து, அபிஷேகம் பெற்று, பத்து வருஷம் இருபது வருஷம் சபைக்கு வந்துகொண்டிருக்கிற நாம் தேடுகிறோமா? "நான்தான் அவரைக் கண்டுபிடிச்சுட்டேனே பாஸ்டர், இனிமே என்னத்த தேடுறது?" என்று வாயால் யாரும் கேட்பதில்லை. ஆனால் நம்முடைய ஜெபநேரம் அதைத்தான் சொல்லுகிறது. இதைக் குறித்துத்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1. ஏரி நமக்குச் சொல்லும் பாடம்

நம்முடைய உத்திரமேரூர் ஏரியை எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். பல்லவர் காலத்து ஏரி. பழைய கல்வெட்டுகளில் அதற்கு வயிரமேகத் தடாகம் என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இந்த ஏரி இந்தப் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவருகிறது.

அது எப்படி ஆயிரம் வருஷம் தாங்கியது? நம் ஊரிலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், சோழராஜாவாகிய முதலாம் பராந்தகன் காலத்தில், 919-ம் வருஷத்திலும் 921-ம் வருஷத்திலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கிறார்களே, அது இந்தக் கல்வெட்டுகளில் உள்ளதுதான். பெயர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஊர் வேலைகளுக்கு ஆட்களைத் தெரிந்துகொண்டார்கள். அதில் ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆறு பேர்!

இதிலே கவனிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அந்த ஆறு பேருடைய பொறுப்பு 360 நாட்கள்தான். அது முடிந்தவுடன் மறுபடியும் குடம், மறுபடியும் ஓலை, மறுபடியும் புது ஆட்கள். "போன வருஷம் நல்லா பார்த்துக்கிட்டோமே, இந்த வருஷம் சும்மா இருக்கலாம்" என்று அவர்கள் நினைக்கவில்லை. ஏனென்றால் ஏரியின் சுபாவம் அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீரோடு வண்டல் வந்து இறங்கும். வருஷா வருஷம் தூர் வாராவிட்டால் ஏரி மேடாகிவிடும்.

விவசாயம் பார்க்கிற சகோதரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தூர்ந்துபோன ஏரியைக் கரைமேலே நின்று பார்த்தால் நிறைந்துதான் தெரியும். கலங்கல் வழியாகத் தண்ணீர்கூடப் போகும். பார்க்கிறவன், "ஏரி ரொம்பிடுச்சு!" என்று சந்தோஷப்படுவான். ஆனால் அடியிலே ஆழம் இல்லை. தை மாதம் மதகைத் திறந்தால் பயிர் கதிர் பிடிக்கிறதற்குள்ளே தண்ணீர் தீர்ந்துபோகும். அப்போதுதான் தெரியும், நிறைந்தது அகலம் மட்டும், ஆழம் இல்லை என்று.

தேவபிள்ளையே, இன்றைக்கு அநேக விசுவாசிகளுடைய ஜீவியம் இப்படித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பார்த்தால் நிறைவு. கைதட்டல் உண்டு, அந்நியபாஷை உண்டு, அல்லேலூயா உண்டு. ஆனால் வீட்டிலே ஒரு பிரச்சனை வந்தால், ஒரு வியாதி வந்தால், ஒரு கடன்காரன் வாசலில் வந்து நின்றால், இரண்டே நாளில் வற்றிப்போகிறோம்.

வண்டல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? வெளியிலிருந்து யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறதில்லை. ஏரியை நிரப்புகிற அதே தண்ணீரோடுதான் வருகிறது! அதேபோல நம்மைத் தூர்க்கிறது எப்போதும் பெரிய பாவம்தான் என்று நினையாதிருங்கள். கர்த்தர் கொடுத்த ஆசீர்வாதத்தோடேயே வண்டலும் வருகிறது. வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம். அந்த வேலையினாலே காலை ஜெபம் போனது. வீடு கட்டினோம், ஸ்தோத்திரம். அந்த வீட்டுக் கடனை நினைத்து நினைத்தே ஜெபத்திலே இருந்த சமாதானம் போனது. பிள்ளைகள் நன்றாய்ப் படிக்கிறார்கள், ஸ்தோத்திரம். அவர்களுடைய டியூஷனுக்காகக் குடும்ப ஜெபம் போனது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான். ஒரு மழையிலே ஏரி தூர்ந்துபோகாது. ஆனால் இருபது மழைக்கு யாரும் மண்வெட்டி எடுக்காவிட்டால்?

மழை நம்முடைய கையில் இல்லை. அது கர்த்தருடைய கிருபை. தூர் வாருகிறதினாலே யாரும் மழையை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் பெய்கிற மழையைப் பிடித்துவைக்க ஆழம் வேண்டும். அந்த ஆழத்தை உண்டாக்குகிறதுதான் தினந்தோறும் தேவனைத் தேடுகிற தேட்டம்.

2. நன்றாய்த் தொடங்கி நடுவில் நிறுத்தின ராஜா

வேதத்திலே இதற்குப் பயங்கரமான ஒரு உதாரணம் யூதாவின் ராஜாவாகிய ஆசா. 2 நாளாகமம் 14-ம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல துவக்கம்! அந்நிய பலிபீடங்களை அகற்றினான், சிலைகளை உடைத்தான், தேவனைத் தேடும்படி ஜனங்களுக்குக் கட்டளை கொடுத்தான். எத்தியோப்பியனாகிய சேரா பத்து லட்சம் பேரோடும் முந்நூறு இரதங்களோடும் வந்தபோது, ஆசாவிடத்தில் இருந்தது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், ஐந்து லட்சத்து எண்பதினாயிரம் பேர்தான். அவன் என்ன செய்தான்? கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டான். கர்த்தர் ஜெயம் கொடுத்தார்.

ஓதேதின் குமாரனாகிய அசரியா எதிர்கொண்டு வந்து, நீங்கள் தேடினால் அவரைக் காண்பீர்கள், விட்டுவிட்டால் அவரும் விட்டுவிடுவார் என்று எச்சரித்தான். ஆசா அதைக் கேட்டுத் திடன்கொண்டான். தன் அரசாட்சியின் 15-ம் வருஷத்தில் எருசலேமில் பெரிய கூட்டம் கூட்டி, முழு இருதயத்தோடும் கர்த்தரைத் தேடுவோம் என்று உடன்படிக்கை பண்ணினான். விக்கிரகம் வைத்திருந்ததினால் ராஜாத்தியாயிருந்த மாகாளையே விலக்கிப்போட்டான். சொந்தக் குடும்பம் என்றுகூடப் பார்க்கவில்லை!

பிறகு? 36-ம் வருஷத்திற்கு வாருங்கள். இஸ்ரவேலின் ராஜாவாகிய பாஷா எதிர்த்து வந்தான். சேராவோடு ஒப்பிட்டால் இவன் எம்மாத்திரம்! ஆனால் இந்த முறை ஆசா முழங்காலில் நிற்கவில்லை. கர்த்தருடைய ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியாவின் ராஜாவாகிய பென்னாதாத்துக்கு அனுப்பினான். காரியமும் நடந்துவிட்டது, பாஷா போய்விட்டான்! அதுதான் ஆபத்து. ஜெபிக்காமலேயே காரியம் நடந்துவிட்டால், "ஜெபம் இல்லாமலும் சமாளிக்கலாம்" என்ற எண்ணம் வந்துவிடும். கடிந்துகொள்ள வந்த அனானி என்னும் ஞானதிருஷ்டிக்காரனை ஆசா காவலில் போட்டான். பழைய ஆசா அசரியாவின் வார்த்தையைக் கேட்டுத் திடன்கொண்டான். இந்த ஆசா அனானியின் வார்த்தையைக் கேட்டுக் கோபப்பட்டான். ஆள் ஒன்றுதான். நடுவிலே 20 வருஷம் போய்விட்டது.

39-ம் வருஷத்தில் அவன் கால்களில் வியாதி கண்டது, அது கடுமையாயிற்று. அப்போதும் அவன் கர்த்தரைத் தேடவில்லை, வைத்தியர்களைத்தான் தேடினான் என்று 16:12 சொல்லுகிறது. இதை வைத்துக்கொண்டு சிலர், மருத்துவரிடம் போகிறதே பாவம் என்று பேசுகிறார்கள். அப்படியல்ல! ஜுரம் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், சர்க்கரை வியாதிக்குக் கொடுத்த மாத்திரையை ஒழுங்காய்ச் சாப்பிடுங்கள். வேதம் ஆசாவின்மேல் சாட்டுகிற குற்றம் அவன் வைத்தியனிடத்தில் போனான் என்பதல்ல. ஆண்டவரிடத்தில் போகவேயில்லை என்பதுதான். முன்பு ஒரு யுத்தத்தில் முழு இருதயத்தோடே கூப்பிட்டவன், கடைசி நாட்களில் படுக்கையில் கிடந்தும் கூப்பிடவில்லை. 41-ம் வருஷத்தில் மரித்தான்.

ஆசா விக்கிரகத்துக்குத் திரும்பவில்லை. அவன் இருதயம் உத்தமமாயிருந்தது என்றே 15:17 சாட்சி கொடுக்கிறது. அப்படியானால் அவனுக்கு என்ன வந்தது? தேடுகிறதை நிறுத்தினான். அவ்வளவுதான்! பின்மாற்றம் என்றால் குடிக்கிறது, கும்பிடக்கூடாததைக் கும்பிடுகிறது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளை வேஷ்டியோடு சபையில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டே ஒருவன் பின்மாற்றமாயிருக்கலாம். சாட்சி சொல்ல அழைத்தால், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னே நடந்த அதே சாட்சி. கர்த்தர் அன்றைக்குச் செய்ததற்காக ஸ்தோத்திரம். ஆனால் போன மாதம் அவர் உங்களோடு என்ன பேசினார்?

3. நான்கு முறை தேடின ஒரு ஸ்திரீ

கடைசிவரை தேடின ஒரு பரிசுத்தவாட்டியின் ஜீவியத்தை இப்போது உங்கள் முன் வைக்கிறேன். பண்டித ரமாபாய் அம்மையார். நம்மில் சிலர் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம்.

1858-ம் வருஷம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தவர். தகப்பனார் அனந்த சாஸ்திரி சமஸ்கிருதத்தில் பெரிய பண்டிதர். பெண்களுக்கு எழுத்தே கற்றுக்கொடுக்காத அந்தக் காலத்தில் மனைவிக்கும் மகள்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். அந்தக் குடும்பம் புண்ணியம் தேடிக் கால்நடையாய் ஊர் ஊராய்ப் போனது. போகிற இடங்களில் புராணம் வாசிப்பார்கள், ஆறுகளில் முழுகுவார்கள், இருக்கிற காசைத் தானம் செய்வார்கள். தேசம் முழுவதும் நடந்தார்கள்.

அப்புறம் பஞ்சம் வந்தது. காசு தீர்ந்தது, பாத்திரம் பண்டம் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. கடைசிப் பிடி அரிசியும் தீர்ந்தபோது, சாகிறதற்கென்றே அந்தக் குடும்பம் காட்டுக்குள் போனது. எந்தக் காடு தெரியுமா? நமக்குத் தூரமில்லை, இங்கேயிருந்து பஸ் ஏறினால் ஒரே நாளில் போய்வரக்கூடிய திருப்பதி மலைக்காடு! இலையைத் தின்று, தண்ணீரைக் குடித்துப் பதினொரு நாள் கிடந்தார்கள். 1874-ல் தகப்பனார் இறந்தார். மரிக்கும் முன்னே மகளை அணைத்துக்கொண்டு, உன்னைத் தேவனுடைய கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறேன், நீ அவருக்கே சொந்தமாயிருந்து வாழ்நாளெல்லாம் அவருக்கே ஊழியம் செய் என்ற கருத்தில் சொன்னாராம். கிறிஸ்துவை அறியாத அந்தத் தகப்பன் சொன்ன வார்த்தையை அந்தப் பதினாறு வயதுப் பெண் கடைசிவரை மறக்கவில்லை. சில வாரங்களில் தாயும், பின்பு அக்காளும் போய்விட்டார்கள். அண்ணனும் தங்கையும் காஷ்மீர்வரை நடந்து, 1878-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். அங்கே அந்த இளம்பெண்ணின் கல்வியைக் கண்டு அதிசயித்துப் பண்டிதர்கள் அவருக்கு "பண்டிதா", "சரஸ்வதி" என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். பட்டம் கிடைத்தது, பசி தீரவில்லை. இது முதல் தேடல். நடந்து நடந்து தேடினது.

1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருஷம் கலியாணம். 1881-ல் மனோரமா என்ற மகள். 1882-ல் கணவர் காலராவில் மரித்தார். இருபத்துமூன்று வயதில் விதவை, இடுப்பிலே கைக்குழந்தை. கணவர் உயிரோடிருந்தபோதே வீட்டில் இருந்த புத்தகங்களுக்குள் ஒரு சின்னப் புத்தகம் கண்ணில் பட்டிருந்தது. வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷம்! 1883-ல் இங்கிலாந்து போனார். அங்கே வீழ்ந்துபோன பெண்களைக் கிறிஸ்தவ சகோதரிகள் அன்போடு பராமரிக்கிறதைக் கண்டு, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சகோதரி யோவான் 4-ம் அதிகாரத்தைத் திறந்து, சமாரியா ஸ்திரீயோடு இயேசு பேசினதை வாசித்துக் காட்டினார். அந்த வருஷமே செப்டம்பர் 29-ம் தேதி ரமாபாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். இது இரண்டாம் தேடல். புத்தியினாலே தேடினது.

இங்கேதான் நாமெல்லாரும் நிறுத்திவிடுகிறோம். "ஞானஸ்நானம் ஆச்சு, சர்டிபிகேட்டும் வாங்கியாச்சு." ரமாபாய் நிறுத்தவில்லை. 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற விடுதிப் பள்ளியைத் துவக்கினார், அடுத்த வருஷம் பூனாவுக்கு மாற்றினார். ஊழியம் நடந்துகொண்டிருந்தது, பேரும் பரவினது. ஆனால் ஞானஸ்நானம் பெற்று எட்டு வருஷம் ஆன பிறகு, 1891-ல், தன்னைத்தானே சோதித்துப் பார்த்தார். கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டடைந்தேன், அந்த மார்க்கத்தின் ஜீவனாகிய கிறிஸ்துவை இன்னும் கண்டடையவில்லையே என்று உணர்ந்தார். எவ்வளவு உண்மையான அறிக்கை பாருங்கள்! உலகமெல்லாம் பெயர் தெரிந்த ஊழியக்காரி, "எனக்குள்ளே இன்னும் வெறுமை இருக்கிறது" என்று ஒத்துக்கொள்ள எவ்வளவு தாழ்மை வேண்டும்! தன்னைப் பாவி என்று ஒப்புக்கொண்டு, இருக்கிறபடியே ஆண்டவரிடத்தில் விழுந்தார். சமாதானம் வந்தது. இது மூன்றாம் தேடல். இருதயம் நொறுங்கித் தேடினது.

அப்போதும் நிறுத்தவில்லை! 1896-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். தான் பட்ட பசி அவருக்கு நினைவிருந்தது. அங்கே போய்ப் பட்டினியாய்க் கிடந்த நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் கூட்டிவந்தார். பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் முக்தி என்ற இல்லம் எழும்பியது. 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பிறகு அங்கே சுமார் 2,000 பேர் இருந்தார்கள். இவ்வளவு வேலையின் நடுவிலே "ஜெபிக்க நேரமில்லை" என்று சொல்ல அவருக்கு நல்ல காரணம் இருந்தது. ஆனால் 1904-ல் வேல்ஸ் தேசத்தில் உண்டான எழுப்புதலைக் கேள்விப்பட்டவுடனே அவருக்குத் தாகம் அதிகமாயிற்று. 1905 ஜனவரியில், எழுப்புதலுக்காக ஜெபிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எழுபது பேர் வந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் அவர்கள் 550 பேராகி, தினமும் இரண்டு வேளை கூடி ஜெபித்தார்கள். ஜூன் கடைசியில் ஆவியானவர் இறங்கினார். சிறு பெண்கள் பாவத்தை அறிக்கையிட்டுக் கதறினார்கள். மறுவருஷம் அந்நியபாஷை வரமும் அங்கே காணப்பட்டது.

பிரியமானவர்களே, அமெரிக்காவிலே அசூசா தெரு எழுப்புதல் துவங்கினது 1906 ஏப்ரலில்தான். அதற்கு முன்னே நம்முடைய இந்திய தேசத்தில், பஞ்சத்தில் பொறுக்கியெடுத்த அனாதைப் பெண்கள்மேல் தேவன் தம்முடைய அக்கினியைப் போட்டார்! முக்தியில் ஊழியம் செய்த மின்னி ஆபிரகாம்ஸ் என்ற சகோதரி இதைக் குறித்து எழுதின புத்தகம் தென் அமெரிக்காவின் சிலி தேசம்வரை போய், 1909-ல் அங்கே உண்டான பெந்தெகொஸ்தே எழுப்புதலுக்கு ஒரு பொறியாயிருந்தது. கேட்காவ் கிராமம் எங்கே, சிலி எங்கே! கிராமம் சிறியது என்று நாம் சொல்லுகிறோம். தேவன் அப்படிச் சொல்லவில்லை. இது நான்காம் தேடல். கூட்டமாய்க் கூடித் தேடினது.

இத்தோடு முடிந்ததா? இல்லை. காது மந்தமான அந்த அம்மையார் எபிரெயு, கிரேக்கு மொழிகளைக் கற்றுக்கொண்டு, படிப்பறிவு குறைந்த கிராமத்துப் பெண்களுக்கும் புரிய வேண்டும் என்று வேதம் முழுவதையும் எளிய மராத்தியில் மொழிபெயர்த்தார். 1921 ஜூலையில் ஒரே மகள் மனோரமாவும் மரித்துப்போனார். பெற்றோர், அண்ணன், கணவர், இப்போது மகள்! அந்தத் துக்கத்திலும் வேதத்தை மூடிவைக்கவில்லை. மொழிபெயர்ப்பு வேலை முடிவுக்கு வந்த அந்த நாட்களிலேயே, 1922 ஏப்ரல் 5-ம் தேதி, தூக்கத்தில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். திருப்பதிக் காட்டில் தகப்பன் மடியில் துவங்கின தேட்டம், 48 வருஷம் கழித்து வேதத்தின் பக்கங்களின்மேல் முடிந்தது.

ஆசாவையும் ரமாபாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசாவுக்கு அரமனை இருந்தது, ஆலயம் இருந்தது, தீர்க்கதரிசிகள் இருந்தார்கள். அவன் 20 வருஷத்தில் நிறுத்திவிட்டான். இந்த அம்மையாருக்கு ஒவ்வொன்றாய்ப் பறிபோனது. ஆனால் ஒவ்வொரு முறை கண்டடைந்தபோதும், "இன்னும் வேண்டும் ஆண்டவரே" என்றார்.

4. இதற்கு யார் தகுதி?

"பாஸ்டர், அவங்க பெரிய படிப்பாளி. நாங்க நடவு நட்டுட்டு வந்து படுக்கிறவங்க. எங்களால ஆகுமா?" என்று ஒரு தாயார் கேட்கலாம். அம்மா, முன்னே சொன்ன கல்வெட்டுக்கு மறுபடியும் வாருங்கள். குடத்திலே பெயர் போட அதில் தகுதிகள் எழுதியிருக்கிறது. வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டின வீடு வேண்டும். சாஸ்திரப் படிப்பு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். நிலமில்லாத நம்முடைய முப்பாட்டன்மாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் ஒருநாளும் விழுந்திருக்காது. ஏரியில் மண் சுமந்தது அவர்கள் தலையாயிருக்கலாம், ஓலையில் எழுதின பெயர் அவர்களுடையதல்ல.

ஆனால் தேவனைத் தேடுகிறதற்கு நிலம் வேண்டுமா? பட்டா வேண்டுமா? படிப்பு வேண்டுமா? அல்லேலூயா, ஒன்றும் வேண்டாம்! வயது உண்டா? யோசியா ராஜா தேவனைத் தேட ஆரம்பித்தபோது அவனுக்கு வயது 16 தான் (2 நாளாகமம் 34:3). 35 ஆகட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆசேர் கோத்திரத்து அன்னாள் 84 வயது விதவை. எழுபதைத் தாண்டியும் உபவாசமும் ஜெபமுமாய் ஆலயத்தில் இருந்தாள். அதனால்தான் பாலகனாகிய இயேசுவைக் கொண்டுவந்த நேரத்தில் அவள் அங்கே இருந்தாள் (லூக்கா 2:36-38). "வயசாயிடுச்சு, இனிமே சின்னவங்க ஜெபிக்கட்டும்" என்று அவள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் மேசியாவைக் கண்ணால் கண்டிருப்பாளா?

5. நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எதைத் தேடுகிறோம் என்று சோதித்துப் பாருங்கள். தேவனிடத்திலிருந்து ஒன்றைத் தேடுகிறது வேறு, தேவனையே தேடுகிறது வேறு. யோவான் 6-ல் கடலைக் கடந்து இயேசுவைத் தேடி வந்த ஜனங்களைப் பார்த்து, அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதினால் அல்லவா தேடுகிறீர்கள் என்றார். வேலைக்காக, பிள்ளை வரத்துக்காக, கலியாணத்துக்காக ஜெபியுங்கள், தவறில்லை. ஆனால் அது கிடைத்த மறுவாரம் உபவாச ஜெபத்தில் உங்கள் இடம் காலியாயிருந்தால், நீங்கள் தேடினது யாரை?

இரண்டாவது, ஒரு நேரத்தைப் பிரித்துவையுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிக்குப் போகிற தம்பிமார்களே, உங்களுக்கு ஷிப்ட் மாறுகிறது, உடம்பு களைத்துப்போகிறது, எனக்குத் தெரியும். விடியற்காலம் முடியாவிட்டால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரைமணி நேரம் கண்ணை மூடுங்கள். கர்த்தர் நேரத்தைப் பார்க்கிறவரல்ல, வாஞ்சையைப் பார்க்கிறவர். ஆனால் அந்த அரைமணி நேரத்தையும் செல்போன் தின்றுவிட்டால் யார்மேல் குற்றம்?

மூன்றாவது, உங்கள் சொந்தக் கையால் வேதத்தைத் திறவுங்கள். செல்போனில் பத்துப் பிரசங்கம் கேட்கிறோம். நல்லது. ஆனால் அது அடுத்தவர் தோண்டின கிணற்றுத் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் நீங்களே வாசியுங்கள். எழுத்துத் தெரியாத ஆயாமார்கள் பேரப்பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கும் அது விதையாகும்.

நான்காவது, கூடித் தேடுங்கள். முக்தியில் எழுபது பேர்தான் முதலில் வந்தார்கள். நம்முடைய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் முழு இரவு ஜெபத்துக்கும் ஏழு பேர் உண்மையாய் வந்தாலும் போதும், தேவன் துவங்குவார்.

ஐந்தாவது, தூர் வாரும்போது வெளியே வருகிறதைக் கண்டு வெட்கப்படாதிருங்கள். தேட ஆரம்பித்தால் கசப்பு வெளியே வரும், மன்னியாத சுபாவம் வெளியே வரும், நாத்தனாரோடு பேசாத ஐந்து வருஷம் வெளியே வரும். சேறுதான், நாறும். ஆனால் விவசாயி அந்த வண்டலை என்ன செய்கிறான்? மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் அள்ளிக்கொண்டுபோய்ச் சொந்த வயலில் போடுகிறான். அடுத்த போகம் பயிர் கருகருவென்று வருகிறது! நீங்கள் அறிக்கையிட்டு விட்டுவிடுகிறதைக் கர்த்தர் வேறொருவருக்கு எருவாக மாற்றுவார். அதுதான் புதிய சாட்சி.

அப்போஸ்தலனாகிய பவுலைப் பாருங்கள். தமஸ்குவின் வழியில் ஆண்டவரைக் கண்டு 25 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எத்தனை சபைகள், எத்தனை அற்புதங்கள்! அப்படிப்பட்டவர் சிறைச்சாலையில் கட்டப்பட்டிருக்கும்போது பிலிப்பியருக்கு என்ன எழுதுகிறார்? நான் இன்னும் அடைந்துவிடவில்லை, பின்னானவைகளை மறந்து இலக்கை நோக்கி ஓடுகிறேன் என்கிறார். பவுலே அடைந்துவிடவில்லை என்றால், நீயும் நானும் எப்போது அடைந்தோம்?

இன்னும் ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். நாம் அவரைத் தேடுகிறதற்கு முன்னே அவர் நம்மைத் தேடினார். காணாமற்போன ஆட்டுக்காகக் காடு மேடெல்லாம் அலைந்தவர் அவர். கண்டுபிடிக்கும்வரைக்கும் அவர் தேட்டத்தை நிறுத்தவில்லை. ஆசாவைப்போல நடுவழியில் உட்கார்ந்துவிட்ட ஒருவர் இதை வாசித்துக்கொண்டிருந்தால், இன்று இரவே முழங்காலில் நில்லுங்கள். வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. "ஆண்டவரே, மறுபடியும் தேடுகிறேன்" என்ற ஒரு வார்த்தை போதும்.

ஜெபிப்போம்:

அன்பின் பரலோகப் பிதாவே, முன்னே தேடினோம், நடுவிலே நின்றுபோனோம். எங்களை மன்னியும். எங்களுக்குள்ளே மேடிட்டுக் கிடக்கிறதை அள்ளி எறிய உமது ஆவியானவர் பெலன் தாரும். எங்கள் வாலிபப் பிள்ளைகள் யோசியாவைப்போல இப்போதே உம்மைத் தேடட்டும். எங்கள் முதியவர்கள் அன்னாளைப்போலக் கடைசிவரை தேடட்டும். முக்தியில் அக்கினியை இறக்கின தேவனே, உத்திரமேரூரையும் சுற்றியுள்ள ஒவ்வொரு கிராமத்தையும் சந்தியும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக!

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் அன்பு சகோதரன்